கர்ட்டா: கைக்குள் அடங்கும் கணக்குப்பொறி, அக்குவேறு ஆணிவேறாக

கர்ட்டாவைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அதன் பிறப்புக் கதையோடு நின்றுவிடுகிறார்கள். கதை கனமானதுதான். வியன்னாவில் கணக்குப்பொறித் தொழிற்சாலை நடத்திய குடும்பத்தைச் சேர்ந்த கர்ட் ஹெர்ட்ஸ்ஷ்டார்க் 1938-ல் இதன் அடிப்படை யோசனைக்குக் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1943-ல் நாஜிகள் அவரைக் கைதுசெய்து பூகன்வால்ட் வதைமுகாமுக்கு அனுப்பினார்கள். பொறியின் வரைபடங்களை அங்கே இருந்தபடியே போட்டார். போர் முடிந்த பிறகு லிக்டன்ஸ்டைன் நாட்டில் கொன்டினா என்ற நிறுவனம் 1948 முதல் இதைத் தயாரித்து விற்றது. 1970களின் தொடக்கத்தில் உற்பத்தி நின்றபோது சுமார் 1,40,000 பொறிகள் வெளியே போயிருந்தன. அதில் ஏறக்குறைய 80,000 முதல் வகை (சிறியது), மீதி இரண்டாம் வகை (பெரியது).

இன்று ஒன்றை வாங்க நினைப்பவருக்கோ, கையில் ஒன்று கிடைத்தவருக்கோ தேவைப்படுவது வேறு. இது எப்படிக் கணக்குப் போடுகிறது, எங்கே நன்றாக வேலை செய்கிறது, எங்கே படுத்துகிறது, பழைய பொறியில் எதைப் பார்க்க வேண்டும்? இந்த விமர்சனம் அதற்காக.

முதலில் அளவு. முதல் வகை 53 மில்லிமீட்டர் விட்டமும் 85 மில்லிமீட்டர் உயரமும் உள்ள கறுப்பு உருளை. எடை 230 கிராம். மிளகு அரைக்கும் மில் என்று வெளிநாடுகளில் அதற்குப் பட்டப்பெயர். உச்சியில் இருக்கும் கைப்பிடியைப் பார்த்தால் ஏன் என்று புரிந்துவிடும். உடம்பின் பக்கவாட்டில் நெடுக்காக எட்டுப் பள்ளங்கள். ஒவ்வொன்றிலும் மேலும் கீழும் நகரும் ஒரு ஸ்லைடர். மேலே இருந்தால் 0, கீழே இழுக்க இழுக்க 9 வரை. எந்த இலக்கம் வைத்திருக்கிறோம் என்பது பள்ளத்துக்கு மேலே உள்ள சின்னச் சாளரத்தில் தெரியும். உச்சியில் சுழலும் மேல்வளையம். அதில் கறுப்புப் பின்னணியில் 11 இலக்க விடை, வெள்ளைப் பின்னணியில் 6 இலக்கச் சுற்று எண்ணி. நடுவில் கைப்பிடி, ஓரத்தில் விரல் நுழைகிற ஒரு அழிப்பு வளையம், பின்பக்கம் சுற்று எண்ணியின் திசையை மாற்றும் ஒரு சின்ன நெம்பு. தசமப் புள்ளிக்கு நகர்த்தக்கூடிய வெள்ளை மணிகள். வெளியே தெரிவது இவ்வளவுதான்.

ஒரே ஒரு உருளை

இந்தப் பொறியின் சாமர்த்தியம் முழுக்க ஒரு முடிவில் அடங்கியிருக்கிறது. படிப்பல் உருளை, அதாவது பற்களின் எண்ணிக்கை படிப்படியாகக் கூடும் உருளை, என்ற யோசனை 17ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மன் கணித அறிஞர் லைப்னிட்ஸ் கண்டது. 19ஆம் நூற்றாண்டில் தோமா த கொல்மார் விற்ற அரித்மோமீட்டர் என்ற கணக்குப்பொறியிலும் அதுதான். ஆனால் அவற்றில் ஒவ்வொரு இலக்கத்துக்கும் ஒரு தனி உருளை. எட்டு இலக்கம் வேண்டுமென்றால் எட்டு உருளைகளை வரிசையாக அடுக்க வேண்டும், மேசை நிறைந்துவிடும். ஹெர்ட்ஸ்ஷ்டார்க் அதைத் தலைகீழாக்கினார். நடுவில் ஒரே உருளை. அதைச் சுற்றி வட்டமாக எல்லா இலக்கங்களின் தண்டுகளும்.

உருளையின் பக்கத்தில் பற்கள் மட்டம் மட்டமாக வெட்டப்பட்டிருக்கின்றன. ஒரு மட்டத்தில் ஒரு பல், இன்னொன்றில் இரண்டு, இப்படி ஒன்பது வரை. ஒரு ஸ்லைடரை 7-க்கு இழுத்தால் அதன் தண்டில் உள்ள குட்டிப் பல்சக்கரம் ஏழு பற்கள் இருக்கும் மட்டத்துக்கு எதிரே போய் நிற்கும். கைப்பிடியை ஒரு முழுச் சுற்று சுற்றினால் உருளை அந்தச் சக்கரத்தை ஏழு பல் தள்ளும். தண்டின் மேல் முனை விடைக் கட்டத்தின் எண் சக்கரத்தை ஏழு இடம் நகர்த்தும். ஸ்லைடர் 0-வில் இருந்தால் எதிரே பல்லே கிடையாது, சக்கரம் அசையாது. கூட்டல் முடிந்தது.

கைமாற்று, அதாவது பத்தைத் தாண்டினால் அடுத்த இடத்துக்கு ஒன்று கொண்டுபோவது, எந்தக் கணக்குப்பொறியிலும் தலைவலி பிடித்த பகுதி. 99999 என்று இருக்கும்போது ஒன்றைக் கூட்டினால் ஐந்து சக்கரங்களும் ஒன்றையொன்று தள்ள வேண்டும். எல்லாம் ஒரே நேரத்தில் நடந்தால் விசை எகிறும். வரிசை தப்பினால் விடை தப்பும். கர்ட்டாவில் ஒரே உருளை வட்டமாகச் சுற்றி வருவதால் அது ஒன்றாம் இடத்துத் தண்டை முதலில் தொடுகிறது, பிறகு பத்தாம் இடம், பிறகு நூறாம் இடம். ஒரு எண் சக்கரம் 9-லிருந்து 0-வுக்குப் போகும்போது ஒரு சின்ன நெம்பை அழுத்தி, அடுத்த தண்டில் உள்ள கைமாற்றுச் சக்கரத்தைச் சரியான மட்டத்துக்கு நகர்த்தி வைக்கும். உருளையோடு சேர்ந்து சுற்றும் தனிப் பல் சற்றுப் பின்னால் வந்து அந்தச் சக்கரத்தை ஒரு இடம் தள்ளிவிட்டுப் போகும். வரிசை தானாகவே அமைந்துவிடுகிறது. கைப்பிடியைச் சுற்றும்போது விரலுக்குத் தெரியும் அந்த மெல்லிய கரகரப்பு இந்தத் தண்டுகள் ஒவ்வொன்றாகக் கடந்துபோவதுதான்.

கழித்தலில்தான் அசல் வித்தை இருக்கிறது. பழைய படிப்பல் பொறிகளில் கழிக்க வேண்டுமென்றால் சக்கரங்களை எதிர்த்திசையில் ஓட்டும் கூடுதல் கியர்கள் தேவை. அதற்கு இந்த உருளைக்குள் இடம் கிடையாது. பதிலாக, கூட்டல் பற்களின் மட்டங்களுக்கு நடுவே இன்னொரு தொகுதி மட்டங்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. கைப்பிடியைச் சுமார் 3 மில்லிமீட்டர் மேலே இழுத்தால் உருளை முழுவதும் உயர்ந்து அந்த இரண்டாம் தொகுதி தண்டுகளுக்கு எதிரே வந்து நிற்கும். இப்போது 7 என்று வைத்த ஸ்லைடருக்கு இரண்டு பற்கள், 2 என்று வைத்ததற்கு ஏழு, 0-வுக்கு ஒன்பது. ஒன்பதின் நிரப்பி, அதாவது ஒன்பதிலிருந்து அந்த இலக்கம் போக மிச்சம். ஒன்றாம் இடத்தில் மட்டும் ஒன்று கூடுதல்.

725-லிருந்து 248-ஐக் கழிப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். 248-க்கு 11 இலக்கத்தில் நிரப்பி 99999999751. ஒன்று கூட்டினால் 99999999752. அதை 725-உடன் கூட்டினால் 100000000477. பன்னிரண்டாம் இலக்கத்துக்குப் பொறியில் இடமில்லை, உதிர்ந்துவிடும். மிஞ்சுவது 477. பிளஸ் ஒன் கணினி அறிவியல் பாடத்தில் ‘2-ன் நிரப்பி’ படித்தவர்களுக்கு இது பழகிய முறைதான். இங்கே அது எஃகில் வெட்டி வைக்கப்பட்டிருக்கிறது. கைப்பிடி எப்போதும் ஒரே திசையில், வலஞ்சுழியாகத்தான் சுற்றும். எதிர்த்திசையில் போகாமல் தடுப்பு உண்டு. கூட்டலா கழித்தலா என்பது அந்த 3 மில்லிமீட்டரில்தான்.

கணக்குப் போடுவது

ஒரு கணக்கைத் தொடங்கும் முன் எல்லாம் பூஜ்யத்தில் இருக்க வேண்டும். கைப்பிடி தன் நிலையான இடத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மேல்வளையத்தைத் தூக்கிப் பிடித்து, அழிப்பு வளையத்தை முழுச் சுற்று சுற்ற வேண்டும். கறுப்புப் பகுதியை மட்டும் கடந்தால் விடை மட்டும் அழியும், வெள்ளைப் பகுதியை மட்டும் கடந்தால் சுற்று எண்ணி மட்டும். ஸ்லைடர்களுக்கு ஒரேயடியான அழிப்பு கிடையாது. எட்டையும் ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் மேலே தள்ள வேண்டும். அன்றாடப் பயன்பாட்டில் எரிச்சலூட்டுகிற முதல் விஷயம் இதுதான்.

பெருக்கல் என்பது திரும்பத் திரும்பக் கூட்டுவது. 347 × 26 என்றால் ஸ்லைடர்களில் 347 வைத்து, மேல்வளையம் 1-ல், அதாவது ஒன்றாம் இடத்தில், இருக்க ஆறு சுற்று. வளையத்தைத் தூக்கி 2-க்கு, அதாவது பத்தாம் இடத்துக்கு, நகர்த்தி இரண்டு சுற்று. விடைக் கட்டத்தில் 9022, எண்ணியில் 26. எத்தனை சுற்று சுற்றினோம் என்று மனதில் எண்ண வேண்டியதில்லை. எண்ணி 26 காட்டும்வரை சுற்றினால் போதும். இது பெரிய வசதி.

பழகியவர்கள் சுற்றுகளை மிச்சம் பிடிப்பார்கள். 347 × 98-க்கு 9+8 என்று 17 சுற்று சுற்றத் தேவையில்லை. வளையத்தை 3-ல் வைத்து ஒரு சுற்று கூட்டல். 1-க்குக் கொண்டுவந்து கைப்பிடியை உயர்த்தி இரண்டு சுற்று கழித்தல். 34700-லிருந்து 694 போய் 34006. எண்ணியும் 100-லிருந்து இரண்டு குறைந்து 98 என்று சரியாகக் காட்டும். 6, 7, 8, 9 ஆகிய நான்கு இலக்கங்களுக்கும் இந்த வழிதான் வேகம்.

இதைவிடப் பயனுள்ளது, இன்றைய கால்குலேட்டர்களில் இல்லாத ஒரு குணம்: ஒரே விலைக்குப் பல அளவுகள் கணக்குப் போடும்போது எதையும் அழிக்க வேண்டியதில்லை. விலை 47.35 என்று ஸ்லைடரில் வைத்துவிட்டு 126 வரை சுற்றினால் 5966.10. அடுத்து 131 வேண்டுமா? ஐந்து சுற்று கூடுதலாகச் சுற்றுங்கள், 6202.85. அடுத்து 118? பதின்மூன்று குறைய வேண்டும்: வளையம் 2-ல் ஒரு கழித்தல், 1-ல் மூன்று கழித்தல். 5587.30. ஒரு அட்டவணை முழுக்க இப்படியே எண்ணியைப் பார்த்துக்கொண்டு நகர்ந்துவிடலாம். முந்தைய விடை அடுத்த விடைக்குப் படிக்கட்டு ஆகிறது.

வகுத்தலுக்கு இரண்டு வழி. ஒன்று, வகுபடும் எண்ணை விடைக் கட்டத்தில் ஏற்றி, எண்ணியின் திசை நெம்பைக் கீழே தள்ளி, கழித்துக்கொண்டே போவது. அளவுக்கு மேல் கழித்துவிட்டால் விடைக் கட்டத்தின் இடது ஓரத்தில் 999 வரிசை கட்டும். ஒரு கூட்டல் சுற்றால் திரும்பி வர வேண்டும். இன்னொன்று, வகுக்கும் எண்ணை ஸ்லைடரில் வைத்து, விடைக் கட்டம் வகுபடும் எண்ணை எட்டும்வரை மேலிருந்து கட்டிக்கொண்டு வருவது. இரண்டாவதே மேல். வகுபடும் எண்ணை ஏற்றும் வேலையே இல்லை, முன்பு கிடந்த எண்ணியை மறுபடி அழிக்கும் வேலையும் இல்லை.

355-ஐ 113-ஆல் வகுத்துப் பாருங்கள். ஸ்லைடரில் 113, வளையம் 6-ல். மூன்று சுற்று: 339. வளையம் 5-ல் ஒன்று: 350.3. 4-ல் நான்கு: 354.82. 3-ல் ஒன்று: 354.933. இங்கே 2-ல் ஐந்தும் 1-ல் ஒன்பதும் சுற்றுவதற்குப் பதில், 2-ல் ஆறு சுற்றினால் 355.0008 என்று கொஞ்சம் தாண்டும்; 1-ல் ஒரு கழித்தல் சுற்று, 354.99967. எண்ணியில் 314159. மொத்தம் 16 சுற்று. நேர்வழியில் போயிருந்தால் 23. ஆறு இலக்க எண்ணி இதற்கு மேல் தராது. முதல் வகையின் உண்மையான வரம்பு ஸ்லைடரோ விடைக் கட்டமோ அல்ல, இந்த எண்ணிதான்.

வர்க்கமூலமும் போடலாம். அதற்கு அடிப்படை, ஒற்றைப்படை எண்களை 1-லிருந்து வரிசையாகக் கூட்டினால் வர்க்க எண்கள் வரும் என்பது: 1, 1+3=4, 1+3+5=9. 529-க்கு மூலம் காண, அதை ஒரு சுற்றில் விடைக் கட்டத்தில் ஏற்றி, எண்ணியை மட்டும் அழித்து, ஸ்லைடர்களைப் பூஜ்யமாக்கி, திசை நெம்பைக் கீழே தள்ளி, கைப்பிடியை உயர்த்திக்கொள்ள வேண்டும். வளையம் 2-ல். இரண்டாம் ஸ்லைடரில் 1 வைத்து ஒரு சுற்று: 429. அதே ஸ்லைடரில் 3 வைத்து ஒரு சுற்று: 129. அடுத்த 5 போகாது. வளையத்தை 1-க்குக் கொண்டுவந்து, இரண்டாம் ஸ்லைடரை 3-லிருந்து ஒன்று கூட்டி 4 ஆக்கி, முதல் ஸ்லைடரில் 1. இப்போது 41: மிச்சம் 88. 43: மிச்சம் 45. 45: மிச்சம் பூஜ்யம். எண்ணியில் 23. வழி அழகானது; வேலை மெதுவானது. நாலு இலக்கத்துக்கு மேல் மூலம் தேவைப்பட்டால் ஒரு அட்டவணையில் தோராயமாக எடுத்து வகுத்துச் சரிசெய்வதே லாபம்.

கர்ட்டா மற்றக் கணக்குப்பொறிகள் மறைந்த பிறகும் நீண்டகாலம் தாக்குப்பிடித்த இடம் அமெரிக்க கார் ரேலிகள். குறிப்பிட்ட சராசரி வேகத்தில் குறிப்பிட்ட தூரத்தைக் கடக்க வேண்டிய போட்டிகள் அவை. ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர் நேரம் கணக்கிடுவார். மணிக்கு 36 மைல் வேகம் என்றால் மைலுக்கு 1.66667 நிமிடம். அதை ஸ்லைடரில் வைத்து, எண்ணியின் கடைசி இலக்கத்தை மைலின் நூறில் ஒரு பங்காக எடுத்துக்கொண்டால், எண்ணி தூரத்தையும் விடைக் கட்டம் போயிருக்க வேண்டிய நேரத்தையும் காட்டும். 4.20 மைல் வந்ததும் 7.00 நிமிடம். அங்கே வேகம் 40-க்கு மாறுகிறது என்றால் எதையும் அழிக்காமல் ஸ்லைடரை மட்டும் 1.50000-க்கு மாற்றிவிட்டு மேலே சுற்றலாம். 7.70 மைலில் 12.25 நிமிடம் என்று மொத்தமே நிற்கும். இரண்டு கூட்டுத்தொகைகளை ஒரே நேரத்தில், ஒரே சுற்றில் வளர்ப்பது இந்தப் பொறிக்கு இயல்பு. குலுங்குகிற காரில் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல், கைக்குத் தெரியும் சுற்றை வைத்தே ஓட்டவும் முடியும்.

எது பிடிக்காது

விடையை வாசிப்பது சிரமம். 11 இலக்கமும் வட்டத்தின் விளிம்பில் வளைந்து போகின்றன. முழு விடையையும் எழுதிக்கொள்ள பொறியைக் கையில் திருப்ப வேண்டும். முன்னால் உள்ள பூஜ்யங்களும் மறையாது; தசம மணிகளை நகர்த்தி வைக்காவிட்டால் இலக்கத்தை எண்ணி எண்ணித்தான் இடம் பிடிக்க வேண்டும். விடை 11 இலக்கத்தைத் தாண்டினால் எச்சரிக்கை எதுவும் கிடையாது, மேல் இலக்கம் சத்தமில்லாமல் போய்விடும். காகிதப் பதிவு இல்லாததால் ஸ்லைடர் ஒன்று தவறாக இருந்தது பிறகு தெரியவே வராது. அதனால் சுற்றும் முன் சாளரங்களை ஒரு முறை வாசிப்பது பழக்கமாக வேண்டும்.

ஒரு சுற்று தவறாகத் தொடங்கிவிட்டால் நடுவில் கைப்பிடியை ஏற்றவோ இறக்கவோ கூடாது. அந்தச் சுற்றை முடித்துவிட்டு, எதிர் நிலையில் ஒரு சுற்று சுற்றி ரத்து செய்ய வேண்டும். கைப்பிடி தன் இடத்தில் இல்லாதபோது மேல்வளையம் தூக்க வராது. தூக்கிய நிலையில் கைப்பிடி சுற்றாது. இந்தப் பூட்டுகள் பயன்படுத்துகிறவரைக் காப்பாற்றத்தான். பழைய பொறிகள் பாழானதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று, பூட்டு மறுத்த இடத்தில் பலத்தைக் காட்டியது. ஸ்லைடரையும் கைப்பிடி நிலையில் இருக்கும்போது மட்டுமே நகர்த்துங்கள். இரண்டு இலக்கத்துக்கு நடுவே ஸ்லைடரை விட்டால் பல்லோடு பல் சரியாகக் கோக்காது. அப்படிச் சுற்றினால் விடை தப்பும் அல்லது சிக்கும்.

வாங்கும்போது

இன்று ஏலத்தில் நல்ல நிலையில் உள்ள ஒன்றின் விலை ஆயிரம் டாலரைத் தாண்டுவது சாதாரணம். 1970 வாக்கில் அமெரிக்காவில் முதல் வகை 125 டாலர், இரண்டாம் வகை 175 டாலர். இவ்வளவு கொடுக்கும்போது வெளிப்பூச்சின் பளபளப்பைவிட நான்கு சோதனைகள் முக்கியம். நேரில் பார்க்க முடியாவிட்டால் விற்பவரிடம் இவற்றைச் செய்து வீடியோ கேளுங்கள்.

முதல் சோதனை கைமாற்றுக்கு. எல்லாம் அழித்து, வளையம் 1-ல், திசை நெம்பு மேலே, முதல் ஸ்லைடரில் மட்டும் 1. கைப்பிடியை உயர்த்தி ஒரு கழித்தல் சுற்று. விடைக் கட்டத்தில் பதினொரு 9-களும் எண்ணியில் ஆறு 9-களும் வர வேண்டும். இப்போது கைப்பிடியை இறக்கி ஒரு கூட்டல் சுற்று. கைமாற்று ஒன்றாம் இடத்திலிருந்து பதினொன்றாம் இடம் வரை ஓடி எல்லாம் பூஜ்யமாக வேண்டும். நடுவில் ஏதாவது ஒரு 9 அப்படியே நின்றாலோ, ஒரு எண் சாளரத்தின் நடுவில் வராமல் பாதியில் நின்றாலோ, அந்த இடத்துக் கைமாற்று நெம்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது. பெரும்பாலும் காய்ந்த எண்ணெய்; சில சமயம் வளைந்த பாகம்.

இரண்டாவது, பற்களுக்கு. ஸ்லைடர்களில் இடமிருந்து வலமாக 12345679 வைத்து ஒன்பது சுற்று. விடை 111111111, ஒன்பது ஒன்றுகள். அழித்துவிட்டு 98765432 வைத்து ஒன்பது சுற்று: ஒன்பது எட்டுகள். ஒரு இலக்கம் பிசகினாலும் கண்ணில் உடனே குத்தும். அதற்குத்தான் இந்த எண்கள். பிறகு அதே சுற்றுகளைக் கழித்தலில் செய்து பூஜ்யத்துக்குத் திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும். இதில் உருளையின் இரண்டாம் தொகுதிப் பற்களும் சோதிக்கப்படும்.

மூன்றாவது, மேல்வளையத்தின் ஒவ்வொரு இடத்திலும் ஒரு சுற்று. தூக்கும்போதும் இறக்கும்போதும் வளையம் தன் இடத்தில் சுத்தமாக உட்கார வேண்டும். நான்காவது, அழிப்பு. விரல் நுழைகிற அந்த வளையம்தான் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பாகம். கீழே விழுந்த பொறிகளில் முதலில் ஒடிவது அதுவே. ஒடிந்ததை ஒட்டி வைத்திருக்கிறார்களா என்று உற்றுப் பாருங்கள். மேல்வளையத்தைத் தூக்காமல் அழிக்க முயன்றவர்கள் கையில் இருந்த பொறியில் அழித்த பிறகும் ஒன்றிரண்டு இலக்கங்கள் பூஜ்யத்தில் சரியாக நிற்காது.

கைப்பிடி சுற்றும்போது ஒரே சீரான எதிர்ப்பு இருக்க வேண்டும். எப்போதும் ஒரே கோணத்தில் கனத்தால் நடுத்தண்டு அடிவாங்கியிருக்கலாம். முழுச் சுற்றிலும் பிசுபிசுவென்று கனத்தால் பல பத்தாண்டு பழைய எண்ணெய் இறுகியிருக்கிறது. இரண்டாவதைச் சரிசெய்யலாம், ஆனால் துருநீக்கி ஸ்ப்ரே அடித்து அல்ல. அந்த ஸ்ப்ரே பழைய எண்ணெயைக் கரைத்து, அழுக்கோடு சேர்த்து இன்னும் உள்ளே கொண்டுபோய்விடும். ஒரு வாரம் வெண்ணெய் போல் ஓடும். பிறகு முன்பைவிட மோசமாக இறுகும். இதற்குச் சரியான வழி முழுக்கப் பிரித்து, கழுவி, கைக்கடிகாரத்துக்குப் போடுவது போன்ற மெல்லிய எண்ணெயைத் தேவையான இடத்தில் மட்டும் துளியாக இடுவது. உள்ளே 500-க்கும் மேற்பட்ட பாகங்கள். பல தண்டுகள் பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் தத்தம் இடத்துக்கு மட்டுமே பொருந்தும்படி உரசிச் சரிசெய்யப்பட்டவை. வரிசை மாறினால் கைமாற்றின் நேரம் தப்பும். இதற்கு முன் இதைத் திறந்து பழகாதவர் அடிப்பக்கத் திருகுகளைத் தொடாமல் இருப்பதே நல்லது. உள் அமைப்பைக் கையால் பார்த்தே தீர வேண்டும் என்கிறவர்களுக்கு மூன்று மடங்கு அளவில் 3டி பிரிண்டரில் செய்யும் மாதிரியின் கோப்புகள் இணையத்தில் கிடைக்கின்றன. கணினியில் இயக்கிப் பார்க்கும் மாதிரிகளும் உண்டு. வாங்கும் முன் இவற்றில் 355-ஐ 113-ஆல் ஒரு முறை வகுத்துப் பார்த்துவிட்டால் இந்தப் பொறி உங்களுக்கு ஒத்துவருமா என்பது தெரிந்துவிடும்.

எந்த வகை? 1954-ல் வந்த இரண்டாம் வகையில் 11 ஸ்லைடர், 8 இலக்க எண்ணி, 15 இலக்க விடை. விட்டம் 65 மில்லிமீட்டர், எடை 360 கிராம் அளவு. வகுத்தல் நிறையப் போடுகிறவருக்கு எண்ணியில் கூடுதலாகக் கிடைக்கும் அந்த இரண்டு இலக்கம் நிஜமான லாபம். நில அளவை மாதிரி வேலைகளுக்கு அதுதான் சரி. ஆனால் கையில் பிடிக்கும்போது முதல் வகைதான் கணக்குப்பொறியாக இருக்கிறது. விரல்கள் உடம்பைச் சுற்றி வளைந்து ஸ்லைடர் வரை எட்டும். இரண்டாம் வகையில் சிறிய கைக்காரர்கள் பிடியை மாற்றி மாற்றித்தான் ஸ்லைடரை நகர்த்த வேண்டும். ஒன்றே ஒன்று வாங்குவதென்றால், ஓட்டிப் பார்க்கத்தான் வாங்குகிறோம் என்றால், முதல் வகையே போதும். அதிலும் ஆரம்ப காலப் பொறிகளில் ஸ்லைடர் முனை ஊசிக் குச்சி போல இருக்கும். பின்னால் வந்தவற்றில் தட்டையான முனை. சேகரிப்பவருக்கு முன்னதுமேல் ஆசை, கட்டைவிரலுக்குப் பின்னதே சுகம்.

வரிசை எண் அடிப்பக்கத்தில் இருக்கும். இரண்டாம் வகையின் எண்கள் 5,00,000-க்கு மேலே தொடங்குகின்றன. விளம்பரத்தில் படம் மங்கலாக இருந்தால் இந்த எண்ணைக் கேட்டாலே எந்த வகை என்று தெரிந்துவிடும். கூடவே வரும் உலோக டப்பாவுக்கும் மதிப்பு உண்டு. பின்னாளில் பிளாஸ்டிக் டப்பாவும் கொடுத்தார்கள். உலோக டப்பாவின் மரை வழக்கத்துக்கு எதிரானது, வலப்பக்கம் திருகினால்தான் திறக்கும். திறக்கவில்லை என்று இடப்பக்கம் பலம்கொண்டு திருகினால் இன்னும் இறுகும். உள்ளே வைக்கும்போது கைப்பிடி இறங்கி நிலையில் இருக்க வேண்டும், அழிப்பு வளையம் உள்பக்கமாக மடங்கியிருக்க வேண்டும். இரண்டில் ஒன்று தப்பினாலும் மூடி சேராது; அதற்கு மேல் அழுத்தாதீர்கள்.